டிஃபென்ஸ் வீரரை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்கன் ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்களின் கண் பந்தோடேயே போகும். அது இயல்புதான். குவார்ட்டர்பேக் பந்தை எறிகிறார், ஒருவர் பிடித்து ஓடுகிறார், கூட்டம் கத்துகிறது. எதிரே தடுக்க நிற்கும் பதினோரு டிஃபென்ஸ் வீரர்களில் யாராவது பந்தைப் பறித்தால்தான், அல்லது யாரையாவது சாய்த்தால்தான் கேமரா அவர்கள் பக்கம் திரும்பும். பிறகு அந்த வீரரைப் பற்றிப் பேச உட்காரும்போதும் அந்தச் சில நொடிகளை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இந்த வீரர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்களுடைய உழைப்பைத் தப்பாகக் கணக்குப் போடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது

குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரை ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னாலேயே சாய்த்தால் அது ஒரு சாக். பந்தோடு ஓடுபவரைப் பிடித்துக் கீழே தள்ளினால் டேக்கிள். எறிந்த பந்தை நடுவில் பறித்தால் இன்டர்செப்ஷன். ஒரு டிஃபென்ஸ் வீரரின் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பவை இந்த மூன்று எண்கள்தான். பெரும்பாலோர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

2000-ஆம் ஆண்டின் பால்டிமோர் ரேவன்ஸ் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 16 லீக் ஆட்டங்களில் அவர்கள் விட்டுக்கொடுத்தது 165 புள்ளிகள்தான். 16 ஆட்டங்கள் நடந்த சீசன்களில் அதைவிடக் குறைவாக எந்த அணியும் கொடுத்ததில்லை. அந்த ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருதும், இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் சிறந்த வீரர் விருதும் ரே லூயிஸுக்குப் போயின. அவர் லைன்பேக்கர், அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நின்று தடுப்பவர். தகுதியானவர்தான். ஆனால் அவருக்கு முன்னால் டோனி சிரகுசா, சாம் ஆடம்ஸ் என்று 150 கிலோ அளவில் இரண்டு பேர் நின்றார்கள். சிரகுசாவைத் தனியாக ஒருவரால் நகர்த்த முடியாது. இரண்டு பேர் சேர்ந்து முட்ட வேண்டும். அந்த இரண்டாவது ஆள் விடுபட்டு லூயிஸைத் தடுக்கப் போயிருக்க வேண்டியவர். அவர் சிரகுசாவிடம் மாட்டிக்கொண்டதால் லூயிஸுக்கு வழி திறந்தது. டேக்கிள் லூயிஸின் பெயரில் ஏறும். இரண்டு பேரின் மொத்தப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு நின்றவரின் பெயரில் எதுவும் ஏறாது.

இன்டர்செப்ஷன் கணக்கு இன்னும் ஏமாற்றும். பந்தைப் பிடிக்க ஓடும் எதிராளியை ஒட்டியே ஓடித் தடுப்பவர் கார்னர்பேக். ஓக்லண்ட் ரெய்டர்ஸின் கார்னர்பேக் நாம்டி அசோமுகா 2006-ல் எட்டு முறை பந்தைப் பறித்தார். அடுத்த சீசனில் ஒரே ஒரு முறை. எட்டிலிருந்து ஒன்றுக்கு வந்துவிட்டார், ஆட்டம் போய்விட்டது என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. அவர் நிற்கும் பக்கம் பந்தை எறியவே எதிரணி குவார்ட்டர்பேக்குகள் பயந்தார்கள். பந்து வந்தால்தானே பறிக்க முடியும்! கிரிக்கெட்டில் ஒரு முனையில் ஒருவர் ரன் கொடுக்காமல் கட்டிப்போட, பொறுமை இழந்த பேட்ஸ்மேன் மறுமுனையில் அவுட் ஆவார். விக்கெட் மறுமுனைக்காரரின் கணக்கில். அந்த மாதிரிதான் இதுவும்.

ஒரு கார்னர்பேக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவர் பக்கம் எத்தனை முறை பந்து எறியப்பட்டது, அதில் எத்தனை எதிரணி கைக்குப் போனது என்று பாருங்கள். வழக்கமான ஒளிபரப்பில் அவர் பாதி நேரம் திரைக்கு வெளியேதான் இருப்பார். முழு மைதானமும் தெரியும் கோணத்தில் எடுத்த காட்சி கிடைத்தால், பந்தை மறந்துவிட்டு அவரை மட்டும் ஒரு பத்து முறை பாருங்கள். பின்னோக்கி ஓடிக்கொண்டே, எதிராளியின் இடுப்பைப் பார்த்து அவர் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று கணிக்கிற வேலை அது.

காலத்தைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிடுவது

அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல் 1982-லிருந்துதான் தனிநபர் சாக்குகளை அதிகாரபூர்வமாகக் கணக்கில் வைத்தது. அதற்கு முன் ஆடியவர்களுக்குப் பட்டியலில் இடமே இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் பேர் வாங்கிய டீகன் ஜோன்ஸ் 1961 முதல் 1974 வரை ஆடினார். 'சாக்' என்ற சொல்லைப் பரப்பியவரே அவர்தான். ஆனால் அதிகாரபூர்வப் பட்டியலில் அவர் பெயரில் ஒன்றுகூட இல்லை. பழைய ஆட்டக் குறிப்புகளைத் தோண்டிப் பார்த்தவர்கள் 173.5 என்று எண்ணியிருக்கிறார்கள். நியூயார்க் ஜயன்ட்ஸின் லைன்பேக்கர் லாரன்ஸ் டெய்லருக்கும் இதே கதை: அதிகாரபூர்வமாக 132.5. அவருடைய முதல் சீசனான 1981-ல் எடுத்தவை அதில் சேரவில்லை.

சீசனின் நீளமும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1978-ல் 14 ஆட்டங்கள் 16 ஆயின. 2021-ல் 17 ஆயின. விதிகளும் மாறின. ஜோன்ஸ் பேர் வாங்கியது எதிராளியின் தலையில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்து நிலைகுலையச் செய்யும் உத்தியால். அது 1977-ல் தடை செய்யப்பட்டது. 1952-ல் டிக் 'நைட் ட்ரெய்ன்' லேன் தன் முதல் சீசனிலேயே வெறும் 12 ஆட்டங்களில் 14 முறை பந்தைப் பறித்தார். இத்தனை ஆட்டங்கள் கூடியும் அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. அப்போது பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை வழியெல்லாம் கையால் மறிக்க முடிந்தது. 1978-க்குப் பிறகு ஐந்து யார்டைத் தாண்டித் தொட்டால் தண்டனை. இதையெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால்தான் இரண்டு காலத்து வீரர்களுக்கும் நியாயம்.

டிராஃப்டில் கிடைத்த இடமே தலையெழுத்து என்று நினைப்பது

கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். ஜேம்ஸ் ஹாரிசனை 2002 டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் சேர்த்துக்கொண்டது, கழற்றிவிட்டது, மறுபடி சேர்த்தது, மறுபடி கழற்றியது. இடையில் ரேவன்ஸ் எடுத்து ஐரோப்பிய லீகுக்கு அனுப்பிவிட்டு அதுவும் விலக்கியது. 2004-ல் ஸ்டீலர்ஸில் ஒருவருக்குக் கையில் அடிபட, ஆள் பற்றாக்குறையால் மீண்டும் அழைத்தார்கள். 2008-ல் அவர்தான் ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ் வீரர். டிராஃப்டில் எடுக்கப்படாத ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுவே முதல் முறை.

அந்த சீசனின் சூப்பர் பவுல் 2009 பிப்ரவரி 1 அன்று டாம்பாவில் நடந்தது. முதல் பாதி முடிய 18 நொடிகள். எதிரணியான அரிசோனா கார்டினல்ஸ் ஸ்டீலர்ஸின் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஹாரிசனுக்குச் சொல்லப்பட்ட வேலை குவார்ட்டர்பேக் கர்ட் வார்னரை நோக்கிப் பாய்வது. ஹாரிசன் ஓரடி முன்னால் வைப்பதுபோல் காட்டிவிட்டுப் பின்வாங்கினார். நேரம் குறைவு, பந்து சட்டென்று குறுக்கே வரும் என்று அவருடைய கணிப்பு. வந்தது. பிடித்துக்கொண்டு 100 யார்டு, மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடினார். கோட்டைத் தாண்டி விழுந்தபோது கடிகாரம் நின்றிருந்தது. எழ முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். ஸ்டீலர்ஸ் 27-23 என்று வென்றது.

ஒப்பந்தத் தொகையை நம்புவது

"ஆறு வருடம், 96 மில்லியன் டாலர்" என்று செய்தி வந்தால் அத்தனையும் கைக்கு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கார்னர்பேக் டாரெல் ரீவிஸ் 2013-ல் டாம்பா பே அணியோடு போட்ட ஒப்பந்தம் அதுதான். அதில் உத்தரவாதமான பணம் என்று ஒரு டாலர்கூட இல்லை. ஒரு சீசன், 16 மில்லியன், அடுத்த மார்ச்சில் விடுவித்துவிட்டார்கள். மற்றப் பல விளையாட்டுகளில் இருப்பதுபோல் முழுத் தொகைக்கும் உறுதி இங்கே கிடையாது. உத்தரவாதத் தொகை எவ்வளவு என்பதை மட்டும் பாருங்கள்.

சீக்கிரம் ஓய்வு பெற்றால் கோழை என்பது

இந்தத் தவறுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

கிறிஸ் போர்லண்ட் 2014-ல் சான் பிரான்சிஸ்கோ 49-அர்ஸில் மூன்றாவது சுற்றில் தேர்வான லைன்பேக்கர். எட்டு ஆட்டங்களில்தான் தொடக்கத்திலிருந்து இறங்கினார். ஆனாலும் நூறு டேக்கிளுக்கு மேல். வருங்கால நட்சத்திரம் என்று எல்லோரும் பேசினார்கள். 2015 மார்ச்சில், 24 வயதில், விலகிவிட்டார். பயிற்சி முகாமில் ஒரு மோதலில் தலையில் அடிபட்டுத் தடுமாறியும், இடம் போய்விடுமோ என்று தொடர்ந்து ஆடியிருக்கிறார். அப்புறம்தான் யோசிக்க ஆரம்பித்தார். படித்தார், மருத்துவ ஆய்வாளர்களிடம் பேசினார். ஒப்பந்தத்தின்போது வாங்கிய போனஸில் பெரும்பகுதியைத் திருப்பித் தரவும் சம்மதித்தார்.

அவர் பயந்தது எதற்கு? தலையில் தொடர்ந்து படும் அடிகளால் வரும் சிடிஇ என்ற மூளைநோய்க்கு. இறந்தபின் மூளையை ஆராய்ந்தால்தான் அதை உறுதியாகச் சொல்ல முடியும். 1985 சிகாகோ பேர்ஸின் புகழ்பெற்ற டிஃபென்ஸில் ஆடிய டேவ் டியூர்சன் 2011-ல் 50 வயதில் இறந்தபோது, தன் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தார். ஆராய்ந்தார்கள், சிடிஇ இருந்தது. டிஃபென்ஸ் வீரரின் வேலையே ஓடிப்போய் மோதுவது. சில மோதல்களில் மயக்கம் வரும், பலவற்றில் ஒன்றும் தெரியாது. தெரியாதவையும் சேர்ந்துகொண்டே போகும் என்பதுதான் ஆய்வாளர்களின் கவலை. கரோலினா பாந்தர்ஸின் லைன்பேக்கர் லூக் கீக்லி 28 வயதில் விலகியபோது கண்ணீரோடு பேசினார். இந்த மனிதர்களைக் கோழை என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஆட்டத்தோடு வாழ்க்கையும் முடிந்தது என்று நினைப்பது

1971-ல் மினசோட்டா வைகிங்ஸின் ஆலன் பேஜ் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். டிஃபென்ஸிலிருந்து அதை வாங்கிய முதல் ஆள். அவருக்குப் பின் 1986-ல் லாரன்ஸ் டெய்லர், அவ்வளவுதான். பேஜ் ஆடிக்கொண்டே சட்டம் படித்து 1978-ல் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு வைகிங்ஸ் அவரை விடுவித்தது; சிகாகோவில் 1981 வரை ஆடினார். 1993 முதல் 2015 வரை மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி. அந்த இருக்கையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர்.

அவர் பிறந்த ஊர் ஒஹையோவின் கேன்டன். ஃபுட்பாலின் புகழ்மிக்கவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் அதே ஊர். பள்ளிக்கூட வயதில் அந்தக் கட்டடம் எழும்பியபோது பேஜ் அங்கே கட்டுமான வேலைக்குப் போயிருக்கிறார். 1988-ல் அவரையே உள்ளே சேர்த்தார்கள். பெரும்பாலோர் தங்கள் பயிற்சியாளரையோ சக வீரரையோ அறிமுகம் செய்யச் சொல்லி அழைப்பார்கள். பேஜ் மினியாபொலிஸ் பள்ளி ஒன்றின் முதல்வரை அழைத்துவந்து மேடையில் நிறுத்தினார். தன் உரையில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினார்.