பழைய மடிக்கணினியில் பேக்கப்பைத் திரும்ப எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மடிக்கணினி பழுதுபார்ப்பது என் வேலை. போன வாரம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். அக்கா கல்யாணப் படங்கள் அழிந்துவிட்டன என்று, முன்பு நகலெடுத்து வைத்திருந்த பேக்கப்பைத் திறந்தவன், இந்த வருஷம் எழுதி வைத்திருந்த பாடக் குறிப்புகளையும் சேர்த்து இழந்திருந்தான். "அண்ணே, நல்லபடியா முடிஞ்சதுன்னுதானே காட்டுச்சு" என்றான். நான் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே தவறு.

கேபிள் சரியாகச் செருகவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை உடனே தெரிந்துவிடும்.

பழைய இடத்திலேயே திரும்பப் போடுவது

விண்டோஸ் 7 பேக்கப்பைத் திறந்தால், கோப்புகளை எங்கே வைக்கட்டும் என்று கேட்கும். பழைய இடத்திலேயே வை என்றால் வைத்துவிடும். அங்கே அதே பெயரில் கோப்பு இருந்தால் ‘காப்பி அண்ட் ரிப்ளேஸ்’ செய்யவா என்று ஒரு பெட்டி வரும். இரண்டு கோப்புகளின் தேதியும் அதிலேயே இருக்கும். அதைப் படிக்காமல், எல்லாவற்றுக்கும் இப்படியே செய் என்று கீழே டிக் போட்டுவிடுகிறார்கள். பேக்கப்பில் இருந்த பழையது புதியதன் மேல் எழுதப்பட்டுவிடும். அப்படிப் போன கோப்பு ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது.

எனக்கு இது கோயில் கணக்கில் நடந்தது. தைப்பூசம் முடிந்ததும் பேக்கப் எடுத்திருந்தேன். ஆடி மாதத்தில் மூன்று படங்களைக் காணோம். அந்த மூன்றுக்காக முழு ஃபோல்டரையும் பழைய இடத்திலேயே இறக்கினேன். படங்கள் வந்துவிட்டன. கணக்கைத் திறந்தால் கடைசி வரி தைப்பூச வசூல். அதற்குப் பிறகு பதிந்தது ஒன்றுமே இல்லை. பொருளாளர் அக்கா எதுவும் பேசாமல் ரசீதுப் புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கார்பன் மங்கிப்போன அடிக்கட்டைகள். 10 ரிங்கிட்டா 70 ரிங்கிட்டா என்று விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, மூன்று இரவு உட்கார்ந்து திரும்பப் பதிந்தோம். சில பெயர்களைக் கடைசிவரை படிக்க முடியவில்லை. இன்றும் ஒருவர் அந்த டிக்கைப் போடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். வெளி டிஸ்க்கில் அன்றைய தேதியைப் பெயராக வைத்து ஒரு புது ஃபோல்டர் திறங்கள். வேறு இடத்தில் வை என்ற தேர்வைக் கொடுத்து அங்கே இறக்குங்கள். அப்புறம் இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இல்லாததை மட்டும் எடுத்துப் போடுங்கள். வெளி டிஸ்க் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேடும் கோப்பு பேக்கப்பில் இல்லாவிட்டால், அழிந்ததை மீட்கும் மென்பொருள்தான் கடைசி வழி. கோப்பு அழிந்த அதே டிஸ்க்கில் 50 ஜிபியைக் கொட்டினால், அது கிடந்த இடத்தின் மேலேயே எழுதிவிடக்கூடும். பிறகு மீட்க ஒன்றும் இருக்காது.

ஃபார்மட் செய்யவா என்று கேட்டால்

வேண்டாம். ஃபார்மட் என்றால் டிஸ்க்கில் உள்ளதைத் துடைப்பது. பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் செருகிப் பாருங்கள்.

மத்தியானத்துக்கு மேல் தொடங்குவது

பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 என்ற மெதுவான இணைப்புதான். நடைமுறையில் நொடிக்கு 30 எம்பி வந்தாலே நல்லது. 300 ஜிபி இறங்க மூன்று மணி நேரம் ஆகும். நம் பக்கம் மாலையானால் இடிமழை, கரண்டு துண்டிக்கும். பழைய பேட்டரி இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது. காலையில் தொடங்குங்கள்.

ஒன்டிரைவில் இருக்கிறதே என்று நம்புவது

ஒன்டிரைவ் என்பது நம் கோப்புகளை இணையத்தில் வைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை. கணினியில் அழித்தால் அங்கேயும் அழியும். சொந்தக் கணக்கில், அழித்தது 30 நாள்தான் குப்பைத் தொட்டியில் இருக்கும்.

எழுத்து புரியவில்லை என்று அழிப்பது

எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோட் பரவுவதற்கு முன்பே நம் ஊர்க் கோயில்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் கணினியில் தமிழ் எழுதினார்கள். முத்து நெடுமாறனின் தமிழ் எழுதும் மென்பொருளான முரசு அஞ்சலும் அதன் எழுத்துருக்களும் இங்கே பிறந்தவைதானே. அந்தக் கோப்புகளைப் புது விண்டோஸில் திறந்தால் கொக்கியும் புள்ளியுமாக ஏதோ தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் அழித்துவிடுகிறார்கள். அது கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அப்படி அழிக்க இருந்த ஒரு ஃபோல்டரை எடுத்து வந்தார். பழைய முரசு எழுத்துருவை நிறுவி, கோப்பைத் திறந்து, அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் தமிழ் வந்தது. 1999ஆம் ஆண்டு விளையாட்டுப் போட்டிக்கு அவர் எழுதிய வரவேற்புரை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நின்றபடியே முழுவதையும் வாசித்தார்.