சரிவில் அகழ்வுக்குழி: மலையகத்தில் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு

தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் கைக்கு வரும்வரை மண்ணைத் தொட வேண்டாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, சொந்தக் காணியில் அகழ்வதற்கும் அனுமதி வேண்டும். முடிந்தால் ஜனவரி முதல் மார்ச் வரை தோண்டுங்கள்.

முதலில் 2 மீட்டர் சதுரம். இங்கேதான் அதிகம் தவறுகிறது. டேப்பை நிலத்தோடு ஒட்டிச் சரிவாகப் பிடித்தால் அளவு பொய்த்துவிடும். 20 பாகைச் சரிவில் 2 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 12 செ.மீ. குறையும். கீழ்ப்பக்கம் டேப்பை உயர்த்தி, ரசமட்டத்தால் மட்டம் பார்த்து, தூக்குக்குண்டை விட்டு அது தொடும் இடத்தில் முளை அடியுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 2 மீ. 83 செ.மீ. இருக்க வேண்டும். மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் ஒரு மீட்டர் தள்ளிக் கொட்டுங்கள். மேலே கொட்டினால் மழை அதைக் குழிக்குள்ளேயே கொண்டுவரும்.

தோண்டும்போது 10 செ.மீ.க்கு ஒருமுறை தட்டையாக வெட்டிக்கொண்டு போகும் பழக்கம் சமதரைக்குச் சரி. சரிவில் மண்படைகளும் சரிந்தே கிடக்கும். தட்டையாக வெட்டினால் மேல்மூலையின் அடி மண்படையும் கீழ்மூலையின் மேல் மண்படையும் ஒரே பையில் விழுந்துவிடும். பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. மேசன் கரண்டியின் விளிம்பால் மெல்லச் சுரண்டி, நிறமோ இறுக்கமோ மாறும் இடத்தில் நிறுத்துங்கள். மண் காய்ந்திருந்தால் லேசாக நீர் தெளியுங்கள், கோடு தெரியும். தேயிலைக் காணி என்றால் கான் (வடிகால்) வெட்டிய மண்ணைக் கவனியுங்கள். ஆழத்துப் பழைய மண் மேலே புரண்டு கிடக்கும். அதிலுள்ள மட்பாண்ட ஓட்டுத்துண்டு அந்த மட்டத்துக்குரியதல்ல.

பண்டாரவளைப் பக்கம் படிகக்கல்லில் செய்த நுண்கருவிகள் கிடைத்திருக்கின்றன. சில ஒரு விரல்நக அளவுகூட வராது. ஆகவே 5 மி.மீ. சல்லடை போதாது, 3 மி.மீ. வேண்டும். களிமண் ஒட்டினால் நீர் ஊற்றி அரியுங்கள். நமது அமில மண்ணில் எலும்பு பெரும்பாலும் நிலைக்காது. அதனால் காலத்தைக் கணிக்க உதவும் கரித்துண்டு கிடைத்தால் பொன்போல் காக்க வேண்டும்: கையால் தொடாமல் கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் பொதியுங்கள். பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. குழி எண், படை எண், ஆழம், திகதி நான்கையும் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் கரைந்துவிடும்.

படமெடுக்கும்போது குழி முழுவதும் நிழலில் இருக்கட்டும், அளவுகோலும் வடக்கு அம்பும் மறக்க வேண்டாம். 1.2 மீட்டருக்குக் கீழே போக வேண்டுமானால் சுவரைப் படியாக வெட்டாமல் யாரும் இறங்கக் கூடாது.

மூடும்போது 20 செ.மீ.க்கு ஒருமுறை மிதித்து இறுக்குங்கள். தளர்வாக விட்டால் அடுத்த மழையில் குழி உள்வாங்கும்.