லூனன்பர்க்கில் குடியேற: வாடகை ஒப்பந்தத்தின் கடைசி நாளிலிருந்து தொடங்குங்கள்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், தலைநகர் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் கரையில் இருக்கிறது லூனன்பர்க். ஒன்டாரியோ மாகாணத்து டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலிருந்து நாங்கள் இங்கே குடிவந்த பிறகு, பின்தொடர்ந்து வர நினைக்கும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதிலைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். விசா, நிரந்தரக் குடியுரிமை, வேலை தேடுவது ஆகியவற்றை நான் தொடப்போவதில்லை. வேலை உறுதியாகிவிட்டது, இந்த ஊர்தான் என்று தீர்மானித்தும் ஆயிற்று, இனி என்ன செய்வது என்று நிற்பவர்களுக்கானது இது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் வீட்டுப் பிரச்சினை புரியும். 1753-இல் பிரிட்டிஷார் கட்டம் போட்டுத் தெரு வகுத்து உருவாக்கிய ஊர் இது. அந்தப் பழைய தெருக்களும் வண்ண மரவீடுகளும் அப்படியே நிற்பதால் 1995-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வாழ்பவர்கள் சுமார் 2,400 பேர்தான். ஆனால் கோடையில் தெருவில் நடக்க இடமிருக்காது. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விட்டால் கிடைக்கும் பணத்தை, மாத வாடகைக்குக் குடியிருப்பவரால் தர முடியாது. வெளியூர்க்காரர்கள் கோடை வீடாக வாங்கிப் பூட்டி வைத்திருப்பவையும் உண்டு. இப்படிக் கழிந்தது போக மிச்சமிருக்கும் சில வீடுகளுக்குத்தான் நர்ஸ், சமையல்காரர், ஆசிரியர் எல்லோரும் போட்டி போடுகிறார்கள்.

படி 1: பிப்ரவரியில் ஒருமுறை வந்து பாருங்கள்

ஜூலையில் வந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். அப்போது யார் வந்தாலும் இந்த ஊரை விரும்பிவிடுவார்கள். பிப்ரவரியில் வந்தால் உணவகங்கள் பல மூடியிருக்கும், துறைமுகத்தில் காற்று முகத்தில் அறையும், மாலை சீக்கிரம் இருட்டிவிடும். அப்படியும் இந்த ஊர் பிடித்திருந்தால் தைரியமாக வரலாம்.

இங்குள்ள குளிர், கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் வின்னிபெக் நகரத்துக் குளிர் இல்லை. கடல் பக்கத்தில் இருப்பதால் வெப்பநிலை அவ்வளவு கீழே இறங்குவதில்லை. ஆனால் ஈரம் அதிகம். பனி விழும், அதன்மேல் மழை பெய்யும், இரவில் அது முழுவதும் உறைந்து கண்ணாடித் தரை ஆகிவிடும். ஆகவே மைனஸ் 40-க்கான தடித்த கோட்டில் பணத்தைக் கொட்ட வேண்டாம். காற்றும் நீரும் புகாத மேலங்கி, உள்ளே கம்பளிச் சட்டை, காலணியின் அடியில் மாட்டும் முள்பட்டை ஆகிய மூன்றும் போதும். முள்பட்டையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். இந்த ஊரின் சாய்வான தெருக்களில் அது இல்லாமல் ஜனவரியில் இறங்கவே கூடாது.

படி 2: வாடகைத் தொகைக்கு முன் முடியும் தேதியைப் பாருங்கள்

எங்களைப் பல வாரம் தூங்கவிடாமல் செய்த படி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விளம்பரத்தில் இரண்டு படுக்கையறை, கடல் தெரியும் ஜன்னல், கட்டுப்படியாகும் வாடகை என்று எல்லாம் இருந்தது. தொலைபேசியில் பேசியபோதும் உரிமையாளர் நல்லபடியாகவே பேசினார். ஒப்பந்தத் தாள் கைக்கு வந்தபோதுதான் அதில் மே 31-உடன் குடியிருப்பு முடிகிறது என்ற வரி இருந்தது. ஜூனிலிருந்து அந்த வீடு சுற்றுலாப் பயணிகளுக்கு. பள்ளி முடிவதற்கு முன்பே பிள்ளைகளோடு வேறு வீடு தேட வேண்டும் என்பது அதன் பொருள். அந்த உரிமையாளர் சட்டத்தை மீறவில்லை. ஆனால் விளம்பரத்தில் அந்தத் தேதியைப் போடாதது சரியில்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

நோவா ஸ்கோஷியாவில் வாடகை ஒப்பந்தம் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று தானாகவே தொடர்வது: மாதாமாதமோ வருடாவருடமோ நீளும், சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. இன்னொன்று நிலையான கால ஒப்பந்தம்: குறிப்பிட்ட நாளில் தானாக முடிந்துவிடும், உரிமையாளர் காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கரையோர ஊர்களில் செப்டம்பர் முதல் மே வரை மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டாவது வகை. மாகாணத்தின் படிவம் P (Form P) என்ற பொது ஒப்பந்தத்தாளில் எந்த வகை என்பதைக் குறிக்கத் தனியிடம் இருக்கிறது. தாளைக் கையில் வாங்கியதும் முதலில் அந்தப் பக்கத்தைத் திருப்புங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. இருக்கும் குடித்தனக்காரருக்கு ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் வாடகை ஏற்றக் கூடாது என்ற உச்சவரம்பு 2027 இறுதி வரை நடப்பில் இருக்கிறது. புதிதாக வருபவருக்கு அது பொருந்தாது. அதாவது உங்கள் ஒப்பந்தம் முடிந்து நீங்கள் வெளியேறினால், அடுத்து வருபவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். நிலையான கால ஒப்பந்தத்தைச் சிலர் ஏன் விரும்புகிறார்கள் என்பது இதிலிருந்தே தெரியும்.

பேசும்போது இந்த மூன்றையும் நேராகக் கேளுங்கள்: கோடையிலும் நாங்கள் இதே வீட்டில் இருக்கலாமா? ஒப்பந்தம் எந்த வகை? வீட்டைச் சூடாக்கும் செலவு யாருடையது? பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். முன்பணம் அரை மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. முதல் மாதம், கடைசி மாதம் என்று இரண்டும் கேட்கும் ஒன்டாரியோ வழக்கம் இங்கே கிடையாது. விண்ணப்பக் கட்டணமும் வாங்கக் கூடாது. வீட்டை நீங்களோ நம்பகமான ஒருவரோ உள்ளே போய்ப் பார்க்கும் வரை ஒரு டாலரும் அனுப்பாதீர்கள். சுற்றுலா விடுதிப் படங்களைத் திருடி வாடகை விளம்பரம் போடும் மோசடிக்காரர்கள் கரையோர ஊர்களைக் குறிவைக்கிறார்கள்.

அப்படியானால் செப்டம்பர் முதல் மே வரையிலான வீட்டை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம், நாங்களும் எடுத்தோம். ஆனால் குளிர்காலம் முழுவதும் அடுத்த வீட்டுக்கான வேலை நடக்க வேண்டும். இணைய விளம்பரங்களை நான் பெரிதாக நம்புவதில்லை. இங்கே நல்ல வீடுகள் விளம்பரம் வரை வருவதே இல்லை, வாய்வழியாகவே கைமாறிவிடுகின்றன. நூலகத்தின் அறிவிப்புப் பலகை, தேவாலயக் கூடத்துக் காலை உணவு, தன்னார்வத் தீயணைப்புப் படையினரின் விருந்து, பள்ளி வாசல் ஆகிய இடங்களில் நாலு பேரிடம் நீங்களாகவே பேச வேண்டும். வீடு தேடுகிறோம் என்று சொல்வதில் கூச்சம் வேண்டாம். எங்களுக்கு நிரந்தர வீடு கிடைத்தது அப்படித்தான், தேவாலயத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி மூலமாக.

பின்சேர்க்கை: மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ வேலைக்கு வருபவர்கள், வேலை கொடுப்பவரே தற்காலிக வீடு தருவாரா என்று கேட்டிருந்தார்கள். கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் தருகிறார்கள். ஆனால் வேலை போனால் வீடும் போகுமா என்பதையும் அந்தப் பேச்சிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: வீட்டைச் சூடாக்குவது எது?

டொராண்டோ அடுக்குமாடியில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. இங்கே பழைய வீடுகள் பலவற்றில் எண்ணெய்தான். நிலவறையிலோ வீட்டுக்கு வெளியிலோ ஒரு தொட்டி இருக்கும், வழக்கமான அளவு சுமார் 900 லிட்டர். லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். தொட்டியின் தலையில் ஒரு சின்னக் குழாயில் மிதவை ஏறி இறங்கும், எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்பதை அதுதான் காட்டும். கால்வாசிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். முழுவதும் தீர்ந்துபோனால் எண்ணெய் ஊற்றினாலும் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு உடனே பற்றாது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற ஆள் வர வேண்டும், புயல் நாளில் அவர் எப்போது வருவார் என்பது நிச்சயமில்லை.

குடிபோகும் முன் போன குளிர்காலத்து எண்ணெய் ரசீதுகளையும் மின் ரசீதுகளையும் காட்டச் சொல்லுங்கள். வாடகை குறைவாக இருந்து எண்ணெய்ச் செலவு தனி என்றால், ஜனவரியில் கணக்கு தலைகீழாகிவிடும். ஒரே வாடகையில் இரண்டு வீடு கிடைத்தால் ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் இழுத்துத் தரும் மின்கருவி) இருப்பதையே எடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. இங்குள்ள மிதமான குளிருக்கு அது மிகப் பொருத்தம், செலவும் குறைவு, கோடையில் குளிரூட்டியாகவும் ஓடும்.

பழைய மரவீட்டில் காற்று எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்க நம் வீட்டு ஊதுபத்தியே போதும். காற்று அடிக்கும் நாளில் ஒன்றைக் கொளுத்தி, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழும்பிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் சட்டென்று அறைக்குள் மடங்கும். அங்கே பென்சிலால் ஒரு குறி போடுங்கள். எங்கள் வீட்டில் மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும் சேரும் இடத்தில்தான் அதிகக் குறிகள் விழுந்தன. பிறகு வன்பொருள் கடையில் கிடைக்கும் ஜன்னல் பிளாஸ்டிக் தாளை இருபுறமும் ஒட்டும் நாடாவால் சட்டத்தில் பொருத்தி, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால் சுருக்கமெல்லாம் இழுபட்டு மத்தளத் தோல்போல விறைத்து நிற்கும். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்குங்கள்.

(இட்லி மாவு புளிக்குமா என்று கேட்பவர்களுக்கு: சமையல் அடுப்பின் ஓவனுக்குள் (oven) விளக்கை மட்டும் எரியவிட்டு இரவு வைத்துவிடுங்கள், பொங்கி வரும். உளுந்தும் கறிவேப்பிலையும் ஹாலிஃபாக்ஸ் போகும்போது வாங்கி வருகிறோம்.)

படி 4: கார், டயர், உரிமம்

கார் இல்லாமல் இங்கே வாழ்வது மிகக் கடினம். பெரிய கடைகள், தென்கரையின் வட்டார மருத்துவமனை, அரசு சேவை மையம் எல்லாம் பக்கத்து ஊரான பிரிட்ஜ்வாட்டரில் இருக்கின்றன. ஹாலிஃபாக்ஸுக்கு நெடுஞ்சாலை 103 வழியாகப் போக வேண்டும். பனிக்கால டயர் போடுவது இங்கே சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் போட்டே தீருங்கள், நவம்பரில் எல்லோரும் வரிசையில் நிற்பதற்கு முன்பே பணிமனையில் நாள் குறித்துவிடுங்கள். உப்புக் காற்றும் சாலையில் கொட்டும் உப்பும் சேர்ந்து காரின் அடிப்பாகத்தை அரித்துவிடும் என்பதால் ஆண்டுக்கொருமுறை துருத்தடுப்பு எண்ணெய் அடிப்பதும் அவசியம். வேறு மாகாண உரிமத்தை மாற்றிக்கொள்வது எளிது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் 511 சேவையில் சாலை நிலவரம் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: வந்த வாரமே மருத்துவர் பட்டியலில் பெயர் கொடுங்கள்

குடும்ப மருத்துவர் உடனே கிடைக்க மாட்டார். மாகாணம் இதற்கென ஒரு காத்திருப்புப் பட்டியல் வைத்திருக்கிறது. இணையத்தில் பதியலாம், 811-ஐ அழைத்தும் பதியலாம். அதே 811-இல் எந்த நேரமும் நர்ஸிடம் பேசி ஆலோசனை கேட்கலாம். வேறு மாகாணத்திலிருந்து வருபவர்களுக்கு இங்குள்ள மருத்துவக் காப்பீடு, வந்த மாதத்துக்கு அடுத்த மூன்றாவது மாதம் முதல் தேதியில் தொடங்கும். செப்டம்பரில் வந்தால் டிசம்பர் 1. அதுவரை பழைய மாகாண அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: மின்சாரம் போகும் நாளுக்குத் தயாராகுங்கள்

2022 செப்டம்பரில் வந்த ஃபியோனா புயலில் இந்த மாகாணத்தில் லட்சக்கணக்கான இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அவ்வளவு பெரிய புயல் அடிக்கடி வராது என்றாலும், குளிர்காலக் காற்றில் மரக்கிளை கம்பியில் விழுவது வழக்கமான செய்தி. ஊருக்குள் குழாய்த் தண்ணீர் உண்டு. ஊரைத் தாண்டினால் வீட்டுக்கு வீடு கிணறுதான், மின்சாரம் போனால் மோட்டாரும் நின்றுவிடும். புயல் எச்சரிக்கை வந்ததும் குளியல் தொட்டியை நிரப்புங்கள், கழிப்பறைக்காவது உதவும். ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் அறையிலோ ஓட்டாதீர்கள், அதன் புகை உயிரைக் குடிக்கும்.

பின்சேர்க்கை: கிணற்று நீரைக் குடிக்கலாமா என்று ஒரு வாசகி கேட்டது மிக முக்கியமான கேள்வி. நோவா ஸ்கோஷியாவின் சில பகுதிகளில் நிலத்தடிப் பாறையிலிருந்தே ஆர்செனிக்கும் யுரேனியமும் நீரில் கலக்கின்றன. நிறமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. கிருமிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ரசாயனத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்கச் சொல்கிறது மாகாண அரசு. வாடகைக்குப் போகிறவர்கள் கடைசிச் சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

படி 7: வாங்குவதானால்

ஒரு குளிர்காலம் வாடகையில் இருந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். வீடு தேட நான் பரிந்துரைப்பது வியூபாயிண்ட் தளத்தைத்தான். வரைபடத்தில் வீட்டைத் தொட்டால் முன்பு என்ன விலைக்குக் கைமாறியது என்பது வரை காட்டும்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் சொத்துவரியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு வரி மதிப்பு ஏறுவதற்கு இங்கே ஒரு வரம்பு உண்டு. வீடு விற்கப்பட்டதும் அந்த வரம்பு நீங்கி, அடுத்த ஆண்டு முழு மதிப்பில் வரி வரும். நீண்ட காலம் ஒருவரே வாழ்ந்த வீடு என்றால் வித்தியாசம் பெரிதாக இருக்கும். முழு மதிப்பு என்ன என்று கேட்டு, அதற்கான வரியை வைத்து மாதச் செலவைக் கணக்கிடுங்கள்.

பழைய ஊர்ப் பகுதியில் வாங்கினால் ஜன்னல், வெளிப்பலகை போன்ற வெளிப்புற மாற்றங்களுக்கு நகராட்சியின் பாரம்பரிய விதிகளின்படி அனுமதி வேண்டும். எண்ணெய்த் தொட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் தயாரித்த ஆண்டைப் பாருங்கள். தொட்டி பழசாக இருந்தால் வீட்டுக் காப்பீடு தர மறுக்கிறார்கள். கசிந்து மண்ணில் இறங்கினால் சுத்தம் செய்யும் செலவு உரிமையாளர் தலையில்தான் விழும். தொட்டியை மாற்றித் தர வேண்டும் என்பதை விலை பேசும்போதே நிபந்தனையாக எழுதுங்கள். கடைசியாக ஒன்று: பெருமழைக்கு மறுநாள் போய் நிலவறையில் இறங்கிப் பாருங்கள், கல் அடித்தளத்தில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது அன்றுதான் தெரியும்.