ஓகஸ்ட் லீவுக்கு ஒரு நீச்சல் அணி சேர்ப்பது எப்படி

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஓகஸ்ட் லீவு விட்ட மறுநாளே எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் பதினான்கு பேரையும் பக்கத்து வீட்டு மாமா திருகோணமலை டச்பே கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்த நாலு கிழமையை நினைத்தால் இன்றைக்கும் மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறுகிறது. உங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று செய்ய ஆசை என்றால், அவர் செய்ததைச் சொல்கிறேன், அவர் கவனிக்காமல் விட்ட ஒன்றையும் சொல்கிறேன்.

முதலில் காலம். திருகோணமலைக் கடல் சித்திரைக்குப் பிறகு அடங்கி, செப்டெம்பர் வரை பெரும்பாலும் குளம் மாதிரிக் கிடக்கும். மாரி தொடங்கினால் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம். காலை ஆறு மணிக்குப் போய் எட்டரைக்குள் கரை ஏறிவிடுங்கள், ஏனென்றால் வெயில் ஏற ஏறக் கச்சான் காற்று உரக்கும்.

அந்தக் கச்சானைத்தான் மாமா கவனிக்கவில்லை. அது மேற்கிலிருந்து, தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று. கரையோரம் அலையே இருக்காது, பார்க்கப் பயமில்லாமல் இருக்கும், ஆனால் மிதக்கிற எதையும் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். என் சோடிக்காரன் டயர் டியூப்பில் படுத்தபடி அப்படித்தான் போய்விட்டான், நாங்கள் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை, வலை இழுத்துவிட்டுத் திரும்பிய ஒரு வள்ளக்காரர்தான் ஏற்றி வந்தார். அதனால் டியூப், காற்றடித்த மெத்தை, பந்து எதுவும் வேண்டாம். கட்டாயம் வேண்டுமென்றால் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைப் பெரியவர் ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும்.

அடுத்தது எண். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இலக்கம் கொடுங்கள். விசில் அடித்ததும் ஒன்றிலிருந்து வரிசையாகக் கத்த வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. நான் பதினொன்று. அதோடு எல்லாரையும் சோடி சேர்த்துவிடுங்கள், நன்றாக நீந்துகிற பிள்ளையோடு பயந்த பிள்ளை. சோடி கரை ஏறினால் நீயும் ஏற வேண்டும், கேள்வி இல்லை. பிள்ளைகளை ஒரு அணியாக்கியது இதுதான், வேகம் இல்லை. ஆனால் சோடி இருக்கிறதே என்று பெரியவர்கள் கரையில் இருந்து கதைக்கக் கூடாது. நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவராவது, பிள்ளைகளுக்கு வெளிப்பக்கமாக, தண்ணீருக்குள் நிற்க வேண்டும்.

நீந்தும் பாதைக்கு இருபத்தைந்து மீற்றர் நைலோன் கயிறு போதும். இரண்டு முனையிலும் மண் நிரப்பிய உரப்பை, இடையிடையே வெற்றுக் கான்கள். கயிறு கரைக்குச் சமாந்தரமாக, பிள்ளையின் இடுப்பளவு தண்ணீரில் கிடக்கட்டும். கடலை நோக்கிப் போடவே கூடாது.

பழக்கும்போது கையை வீசச் சொல்லித் தொடங்காதீர்கள். முதல் மூன்று நாள் முகத்தைத் தண்ணீரில் வைத்து ஊதுவதும், மல்லாந்து மிதப்பதும் மட்டும்தான். உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும், பிள்ளை அதை நம்பப் பழக வேண்டும். அப்புறம் கால், பிறகு கை, கடைசியில் மூச்சு. மூச்செடுக்கத் தலையைத் தூக்கினால் கால் தாழ்ந்துவிடும், கன்னத்தைத் தண்ணீரில் வைத்தபடி பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள். நீரோட்டம் இழுத்தால் கரையைப் பார்த்து மல்லுக்கட்டாமல், மிதந்தபடி கை தூக்க வேண்டும், முடிந்தால் கரையோரமாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். இதைக் கரையில் நிற்கும்போதே பத்துத் தடவை சொல்லவைத்துவிடுங்கள்.

கடலில் சொறி (ஜெலி மீன்) பட்டால் நாங்கள் மண் போட்டுத் தேய்ப்போம். அது பிழை. தேய்க்காமல் கடல் தண்ணீரால் கழுவுங்கள், மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி.

கடைசி நாள் அஞ்சல் நீச்சல் வையுங்கள். வேகமானவர்களை எல்லாம் ஒரு பக்கம் சேர்க்காமல் சோடிகளை உடைக்காமல் அணிகளுக்குப் பிரித்துப் போடுங்கள். முதல் கிழமை எடுத்த நேரத்தைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தால், எந்த அணி அதைவிடக் கூடக் குறைத்ததோ அதுதான் வென்றது. எங்கள் அணியை வெல்லவைத்தவள், முதல் நாள் முழங்கால் தண்ணீரில் நின்று அழுத ஆறு வயதுப் பிள்ளை.

எல்லாரும் கரை ஏறியதும் இன்னொரு தடவை எண்ணுங்கள். பதினான்கும் கேட்ட பிறகுதான் மாமா மாலுபணிஸ் (மீன் வைத்த பணிஸ்) பெட்டியைத் திறப்பார்.