மறைந்துபோன டிரைவ்-இன் திரையரங்கின் வரலாற்றை எழுதுவது எப்படி?

அமெரிக்கச் சிற்றூர்களின் எல்லையில், காருக்குள் அமர்ந்தபடியே மக்கள் படம் பார்த்த டிரைவ்-இன் திரையரங்குகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றில் ஒன்றின் வரலாற்றை எழுத விரும்புகிறவர், அது நின்ற நிலத்திலிருந்து தொடங்குவதே நல்லது. ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்த நிலம்தான் அதை எழுப்பியது. அதே நிலத்தின் விலை ஏறியபோது பல ஊர்களில் அது மூடப்பட்டது.

முதலில் இடத்தை உறுதிசெய்யுங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் பழைய நிலவரைபடங்களில் டிரைவ்-இன்கள் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. பழைய வான்வழிப் படங்களில், திரையின் எதிரே விசிறியாய் விரியும் வளைந்த மண்மேடுகளைத் தேடுங்கள். காரின் முன்சக்கரங்களை உயர்த்தி நிறுத்துவதற்கான இந்த மேடுகளின் அமைப்புக்கே ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் 1933-இல் காப்புரிமை பெற்று, அதே ஆண்டு ஜூனில் நியூஜெர்சியின் கேம்டன் அருகே முதல் டிரைவ்-இன்னைத் திறந்தார். திரை இடிக்கப்பட்ட பின்னும் மேடுகளின் தடம் நெடுங்காலம் தெரியக்கூடும். வெவ்வேறு ஆண்டுகளின் படங்களை ஒப்பிட்டால், வரிசைகள் கூடியதையும் புதர் மண்டியதையும் கண்ணாலேயே காணலாம்.

அடுத்து, கவுண்டியின் (அமெரிக்க மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போன்றது) பத்திரப்பதிவு அலுவலகத்தில் விற்றவர், வாங்கியவர் அட்டவணைகளைப் பாருங்கள். கடைசியாக நிலத்தை வாங்கியது ஒரு வணிக வளாக நிறுவனம் என்றால், நீங்கள் தேடும் விடையில் பாதி அங்கேயே இருக்கிறது.

மிகுந்த நேரத்தை உள்ளூர்ச் செய்தித்தாள் விளம்பரங்களுக்கு ஒதுக்குங்கள். கட்டணம் தலைக்கு இவ்வளவு என்பதிலிருந்து காருக்கு இவ்வளவு என்று மாறியதா, புதுப்படங்கள் குறைந்து பழைய படங்கள் மிகுந்தனவா, காட்சி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பவற்றை ஆண்டுவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பனி பொழியும் மாநிலங்களில் பல அரங்குகள் குளிர்காலம்தோறும் மூடப்பட்டதால், பருவத்தின் கடைசி விளம்பரத்தை அரங்கின் முடிவாகக் கொள்ளக் கூடாது. அடுத்த வசந்தத்தில் விளம்பரம் வராததைப் பார்த்த பிறகே மூடிய ஆண்டை எழுதுங்கள்.

காரணங்களைச் சொல்லும்போது தொலைக்காட்சி மீது மட்டும் பழியைப் போடுவது சரியன்று. ஹாலிங்ஸ்ஹெட்டின் காப்புரிமை செல்லாது என்று 1949-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் அந்தத் தடையின்றி டிரைவ்-இன்கள் பெருகி ஏறத்தாழ 4,000-ஐ எட்டிய 1950-களின் பிற்பகுதியில், பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சி ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. 1967 முதல் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னகர்த்தும் முறை பெரும்பாலான மாநிலங்களுக்குப் பொதுவானதால், அதுவரை அம்முறை இல்லாத ஊர்களில் கடிகாரப்படி இருட்டுவது தள்ளிப்போய், படம் தொடங்குவது மேலும் தாமதமாயிற்று. உங்கள் ஊரில் அப்படி நடந்ததா என்பதைக் காட்சி நேர விளம்பரங்களே காட்டும். பின்னர் வீடியோ கேசட் வந்தது. அதற்கும் தப்பி நின்றவற்றை, 2013-ஐ ஒட்டிப் படச்சுருள் மறைந்து டிஜிட்டல் புரொஜெக்டர் கட்டாயமானபோது அதன் பெருஞ்செலவு அழுத்தியது. இவற்றுள் எது உங்கள் அரங்கைத் தொட்டது என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் மட்டுமே எழுதுங்கள்.

முதியவர்களிடம் பேசுவதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுகள் கையில் இருந்தால்தான், ஒலிபெருக்கிக் கம்பங்கள் எப்போது அகற்றப்பட்டன, எஃப்.எம். வானொலி வழியே ஒலி எப்போது வந்தது, சிற்றுண்டிக் கடையில் யார் வேலை பார்த்தார்கள் என்று குறிப்பாகக் கேட்க முடியும். நில உரிமையாளரின் அனுமதியுடன் எஞ்சியவற்றைப் படமெடுத்து, எல்லாவற்றின் பிரதியையும் கவுண்டி வரலாற்றுச் சங்கத்தில் ஒப்படையுங்கள்.