மண்ணைத் தோண்டுமுன் எழுதவேண்டிய கொப்பி

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் 2025 யூலையில் கண்ணிவெடி அகற்றும் பணியின்போது மனித எலும்புகள் வெளிப்பட்டு, மூதூர் நீதவான் நீதிமன்றம் அவ்விடத்தில் வேலையை நிறுத்திவைத்த நாள்களில், போர்க்காலத்தில் காணாமற்போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் சிலர் என்னிடம் கேட்டது இனி நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான். தோண்டுவது நமது வேலையன்று. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ் நீதவான் கட்டளையிட, சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் அதனைச் செய்வர். கிடைக்கும் எலும்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய விபரத்தை, தெரிந்தவர்கள் நினைவோடு இருக்கும்போதே எழுதிவைப்பது மட்டும் குடும்பத்தாரால் ஆகக்கூடியது. அதனை வேறெவரும் செய்ய முடியாது.

எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். முதற்பக்கத்தில் முழுப்பெயர், வீட்டில் அழைத்த பெயர், பிறந்த திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். 2006 போர்க்கால இடப்பெயர்வில் அட்டையைத் தொலைத்தவர்கள் வங்கிப் புத்தகத்திலோ பழைய விண்ணப்பப் பிரதியிலோ இலக்கத்தைத் தேடலாம். பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே கண்டெடுத்த இலக்கம் அவருடையதுதானா என்பதைப் பிறந்த திகதியைக் கொண்டே சரிபார்க்கலாம். பொலிசிலும் செஞ்சிலுவைச் சங்கத்திலும் ஆணைக்குழுக்களிலும், 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலும் கொடுத்த முறைப்பாடுகளின் இலக்கங்களை அடுத்த பக்கத்தில் வரிசையாக இடுங்கள்.

அதன்பின் உடலைப் பற்றி எழுத வேண்டும். இதுவே கடினமானதும் பயன்மிக்கதுமான பகுதி. யார் பிடித்தார்கள், எந்த வாகனம் என்பதையெல்லாம் நம்மவர்கள் பல விசாரணைகளில் சொல்லிச் சொல்லி மனப்பாடமாக்கிவிட்டார்கள். எந்தக் கை முறிந்து கூடியது என்று கேட்டால்தான் சற்று யோசிக்கிறார்கள். முறிந்து பொருந்திய எலும்பில் அந்தத் தடம் பெரும்பாலும் நிலைத்திருக்கும். தொடை எலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணிப்பர் என்பதால், அண்ணனின் தோளுக்கு வந்தாரா காதுக்கு வந்தாரா என்பதும் ஓர் அளவே. அந்த அண்ணனை நிற்கவைத்து அளந்து சென்ரிமீற்றரில் எழுதுங்கள். பல்லுக்குத் தனிப் பக்கம் விடுங்கள். ஒரு தாய் மகனின் பல்லில் குறையேதும் இல்லை என்று மூன்று தடவை சொன்னார். பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தங்கை, சோடாப் போத்தலின் மூடியைக் கடித்துத் திறந்து முன்பல்லின் நுனியை உடைத்துக்கொண்டவன் அல்லவா என்றார். ஆதலால் ஒருவரிடம் மட்டும் கேட்டு முடிக்காதீர்கள். ஆனால் எல்லாரையும் ஒன்றாக இருத்தியும் கேட்காதீர்கள். சத்தமாகப் பேசுபவரின் நினைவே எல்லாருடைய நினைவாகிவிடும்.

உடையைப் பற்றி நீலச் சேட்டு என்று எழுதுவது போதாது. மண்ணுக்குள் பருத்தி விரைவில் உக்கிவிடும். நைலோன், பொலியெஸ்டர், பிளாஸ்ரிக் பொத்தான், சிப், இடுப்பு இலாஸ்ரிக் ஆகியவை நெடுங்காலம் நிற்கும். கழன்ற பொத்தானுக்குப் பதிலாக வேறு நிறப் பொத்தானைத் தைத்திருந்தால் அதனை எழுதுங்கள். அறுந்த செருப்பைக் கம்பியால் கட்டியிருந்தாரா, அரைநாண்கொடியில் அச்சரக்கூடு (தாயத்துக்கூடு) இருந்ததா என்பவற்றையும் எழுதுங்கள். யாழ்ப்பாணம் செம்மணி மனிதப் புதைகுழியை 2025 இல் தோண்டியபோது சிறுவர் எலும்பின் அருகே நீலநிறப் பாடசாலைப் பையொன்று கிடைத்தது. ஆகஸ்ட் 5 ஆம் திகதி ஆடைகளையும் பொருள்களையும் மக்கள் பார்வைக்கு வைத்தனர். அப்படியொரு நாளில் வரிசையில் நின்று பார்க்கும்போது மனம் கலங்கும், கண்டதெல்லாம் நம்முடையதாகத் தோன்றும். முன்பே எழுதிய கொப்பி கையில் இருந்தால் அந்தத் தோற்றத்தை வரிவரியாகச் சோதிக்கலாம்.

மரபணுச் சோதனைக்கு யார் உதவுவர் என்பதையும் குறித்துவையுங்கள். தாய்வழி மரபணு தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதால், தாய் காலமாகியிருந்தால் உடன்பிறந்தவரோ தாயின் சகோதரியோ உதவலாம். தந்தைவழி மரபணு ஆண்வழியில் மட்டுமே செல்லும். மாதிரி கேட்கப்பட்டால், அது எதற்குப் பயன்படும், எங்கு வைக்கப்படும் என்பதை எழுத்தில் பெற்ற பின்னரே கையெழுத்திடுங்கள்.

வயலிலோ கடற்கரையிலோ எலும்பு கண்டால் தொடவும் கழுவவும் வேண்டாம், கிண்டிப் பார்க்கவும் வேண்டாம். எலும்பு எந்த ஆழத்தில் எந்தப் பக்கமாகக் கிடந்தது என்பதும் சான்றுதான். தூர நின்று படமெடுத்து, நேரத்தையும் அருகிலுள்ள மரத்தையோ கம்பத்தையோ குறித்து, பொலிசுக்கும் சட்டத்தரணிக்கும் ஒரே நேரத்தில் அறிவியுங்கள். முகநூலில் போடுவது பிறகு பார்க்கலாம். திருகோணமலைக் கரையோரத்தில் 2004 ஆழிப்பேரலையில் இறந்தவர்களும் அவசரமாகப் புதைக்கப்பட்டனர். பழைய சேமக்காலைகளும் (இடுகாடுகளும்) உண்டு. மன்னாரில் சதொச என்னும் அரச விற்பனை நிலைய வளாகத்தில் 300 இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்து, 2019 இல் அமெரிக்க ஆய்வுகூடம் தனக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளுக்கு 15 முதல் 17 ஆம் நூற்றாண்டுவரையான காலத்தைச் சொன்னபோது வாசலில் காத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால், முதல் நாளிலேயே இது இன்னாருடையது என்று அறிவிப்பது எவ்வளவு கொடுமை என்பது விளங்கும்.

ஸ்பெயினில் 1936 இல் கொல்லப்பட்டுத் தெருவோரம் புதைக்கப்பட்ட 13 பேரை, அவர்களுள் ஒருவரின் பேரன் முயன்று 2000 ஆம் ஆண்டில் தோண்டியெடுக்கச் செய்தார். இடையில் கழிந்தவை 64 ஆண்டுகள். இங்கும் காலம் ஓடுகிறது. பொதுமக்கள் கொல்லப்பட்ட சம்பூர்ப் படுகொலை 1990 யூலை 7 இல் நடந்தது. அன்று முப்பது வயதிலிருந்த தாய்க்கு இப்போது அறுபத்தைந்து கடந்துவிட்டது.

கொப்பி நிரம்பியதும் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு அனுப்புங்கள். ஒரு பிரதியைச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். மூலத்தைப் பொலித்தீன் உறையில் சுற்றி, மாரியில் ஒழுகாத இடத்தில் வையுங்கள். பின்னர் புதிதாக ஏதும் நினைவுக்கு வந்தால் பழைய வரியை அழிக்காமல், கீழே திகதியிட்டு, சொன்னவர் பெயரோடு சேர்த்து எழுதுங்கள்.