எரர் வந்தால் லாகில் என்ன இருக்க வேண்டும்?

'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று பயனருக்குக் காட்டுவது சரி, ஆனால் லாகிலும் (ஆப் தன்னுள் நடப்பதை எழுதிவைக்கும் பதிவிலும்) அதே வரியை எழுதி வைத்தால் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. படிக்கிறவர் அந்தக் கோளாறை மறுபடி வரவைத்துப் பார்க்கும் அளவுக்கு விவரம் வேண்டும்.

ஒவ்வொரு ஃபங்ஷனிலும் ட்ரை-கேட்ச் (எரரைப் பிடிக்கும் பிளாக்) போடாதீர்கள். எரரைச் சமாளிக்க வழி இருக்கிற இடத்தில் மட்டும் பிடியுங்கள், மற்றவை மேலே போகட்டும், அங்கே ஒரே இடத்தில் லாக் செய்துகொள்ளலாம். எக்ஸ்பிரஸ் (நோட்.ஜேஎஸ் வெப் ஃபிரேம்வொர்க்) என்றால் எல்லா ரூட்டுக்கும் கீழே, நான்கு ஆர்கியுமென்ட் வாங்கும் ஒரு மிடில்வேர் (ரிக்வெஸ்டைக் கையாளும் வழியில் நடுவே ஓடும் ஃபங்ஷன்) போதும். கடைசி ஆர்கியுமென்டைப் பயன்படுத்தாவிட்டாலும் எழுதியே ஆக வேண்டும், மூன்றோடு நிறுத்தினால் எக்ஸ்பிரஸ் அதைச் சாதாரண மிடில்வேராகத்தான் எடுத்துக்கொள்ளும். காலி கேட்ச் பிளாக் எங்கேயும் வேண்டவே வேண்டாம்.

பதிய வேண்டியவை: யூடிசி நேரம், எரரின் பெயர், மெசேஜ், ஸ்டாக் டிரேஸ் (எரர் வரை எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்ற பட்டியல்), யூஆர்எல், மெத்தட், பயனரின் ஐடி, ஆப்பின் வெர்ஷன், அப்புறம் ரிக்வெஸ்ட் ஐடி. என்னைக் கேட்டால் கடைசியில் சொன்னதுதான் முக்கியம். ரிக்வெஸ்ட் உள்ளே வந்ததுமே ஒரு ஐடி உருவாக்கி, அது சம்பந்தப்பட்ட எல்லா லாக் வரியிலும் சேர்த்து, எரர் பக்கத்திலும் காட்டிவிடுங்கள். பயனர் அதைச் சொன்ன மறுநிமிடமே நடந்த முழுக் கதையையும் தேடி எடுத்துவிடலாம்.

வரிக்கு ஒரு ஜேசான் (பெயர்-மதிப்பு ஜோடிகளாக எழுதும் டெக்ஸ்ட் வடிவம்) என்று லாகை எழுதினால் தேடுவது சுலபம். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் எரர் ஆப்ஜெக்டை அப்படியே ஜேசானாக மாற்றினால் பெரும்பாலும் {} என்று காலியாகத்தான் வரும், ஏனென்றால் மெசேஜும் ஸ்டாக்கும் எனுமரபிள் இல்லை, அதாவது மாற்றும்போது பட்டியலில் சேராத பிராப்பர்ட்டிகள். அவற்றைத் தனித்தனியாக எடுத்துப் போடுங்கள்.

பிரவுசர் பக்கம் விண்டோவின் எரர் ஈவென்ட் மட்டும் போதாது. தோல்வியடைந்தும் யாரும் பிடிக்காத பிராமிஸ்களுக்கு (பின்னால் முடிவு வரும் வேலைகளுக்கு) அன்ஹேண்டில்டு ரிஜெக்‌ஷன் ஈவென்ட்டையும் கேட்க வேண்டும். வேறு டொமைனிலிருந்து வரும் ஸ்கிரிப்ட் உடைந்தால் 'ஸ்கிரிப்ட் எரர்' என்று மொட்டையாக வரும். ஸ்கிரிப்ட் டேகில் கிராஸ்ஆரிஜின் சேர்த்து, அந்த சர்வரும் கார்ஸ் ஹெடர் (வேறு டொமைன் படிக்க அனுமதி தரும் ஹெடர்) அனுப்பினால்தான் விவரம் கிடைக்கும். மினிஃபை செய்த (சுருக்கிய) கோடுக்கு, அந்தந்த வெர்ஷனின் சோர்ஸ் மேப்பை (சுருக்கிய வரி மூலக் கோடில் எது என்று காட்டும் ஃபைலை) பத்திரமாக வைத்திருங்கள்.

பாஸ்வேர்ட், டோக்கன், குக்கீ, கார்டு எண் எதுவும் லாகுக்குள் போகக்கூடாது. ரிக்வெஸ்ட் பாடியை முழுசாகக் கொட்டுகிற பழக்கத்தால்தான் இவை நுழைகின்றன, அதனால் லாகரிலேயே மறைக்கும் வேலையை வைத்துவிடுங்கள், ஆளாளுக்கு நினைவு வைத்துக்கொள்வார்கள் என்று நம்ப வேண்டாம்.

எல்லாம் அமைத்தபின் டெஸ்ட் சர்வரில் வேண்டுமென்றே ஒரு எரரை வரவழையுங்கள். அந்தக் கோடை எழுதாத ஒருவரிடம் ரிக்வெஸ்ட் ஐடியை மட்டும் கொடுத்து, எந்த ஃபைலில் எந்த வரி என்று கேளுங்கள்.